மான்டரேயின் மத்தி தொழிற்சாலை

கலிபோர்னியா மான்டரேயில இன்னிக்கு டிக்கெட் எடுத்து ஜெல்லிமீன் பார்க்கிற அந்தப் பெரிய அக்வேரியம், ஒரு காலத்துல மத்தி மீனை டின்ல அடைச்ச ஃபேக்டரி. நார்வேக்காரர் க்னூட் ஹோவ்டன் 1916ல தொடங்கினது.

நிலா இல்லாத ராத்திரிதான் அங்க மத்தி பிடிக்க தோது. கூட்டம் நகர்றப்போ தண்ணி பளபளன்னு மினுங்கும், அதைப் பார்த்து வலையை வளைப்பாங்க. படகு வந்ததும் ஃபேக்டரி சங்கு ஊதும். ஒவ்வொரு ஃபேக்டரிக்கும் ஒவ்வொரு சத்தம். விடியக்காலை மூணு மணியோ நாலு மணியோ, தன் சங்கு எதுன்னு தெரிஞ்சு பெண்கள் எழுந்து ஓடணும். மீன் இருந்தாத்தான் வேலை, வேலை இருந்தாத்தான் கூலி. முதலாளிங்க கதைய எழுதறவங்க இந்தப் பக்கத்தை ரெண்டு வரியில தாண்டிடறாங்க!

நிஜமான லாபம் டின்ல இல்ல. மீனை அரைச்சுக் கோழித்தீவனமாவும் உரமாவும் வித்ததுலதான். மாநில அரசோட மீன்வள விஞ்ஞானிகள் இப்படி அள்ளினா தாங்காதுன்னு முன்னாடியே எச்சரிச்சாங்க. யார் கேட்டா? 1940கள்ல ஒரே சீசன்ல 2 லட்சம் டன்னுக்கு மேல பிடிச்ச ஊர், அந்தப் பத்தாண்டு முடியறதுக்குள்ள காத்து வாங்குச்சு. கடல் குளிர்ந்ததும் ஒரு காரணம்னு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது. சரிதான், ஆனா வலைக்கும் பங்கு உண்டுல்ல?

ஹோவ்டன் ஃபேக்டரி மட்டும் கணவாய் அது இதுன்னு 1973 வரைக்கும் இழுத்துப் பிடிச்சுது. 1984ல அக்வேரியம் திறந்தாங்க. பழைய பாய்லர்களை இன்னும் வெச்சிருக்காங்க, போறவங்க அதையும் பாருங்க.