ரோம், அக்டோபர், அப்பா

அக்டோபர் 3, வியாழன்

அக்காவோட குறைமாசப் பாப்பா எடை, 1290 கிராம். நேத்தைக்கு இன்னைக்கு 15 கம்மி. முதல்ல குறையறது சகஜம்னு சொல்றாங்க. சொல்றவங்களுக்கு சகஜம்.

அக்டோபர் 4, வெள்ளி

பாப்பா இருக்கற வார்டுக்குள்ள அக்காவும் மாமாவும் மட்டும்தான் போலாம், நாங்கல்லாம் வெளிய. அம்மா காலைல எந்திரிச்சு ரசம் வெச்சு ஃப்ளாஸ்க்ல ஊத்தி அனுப்பறாங்க, அவங்களுக்கு அது ஒரு வேலை. அப்பாவுக்குத்தான் ஒண்ணுமே இல்ல. காரிடார் பெஞ்சுல உக்காந்து எதிர்ச் சுவத்தையே பாத்துட்டு இருக்கார், மத்தியானம் வரைக்கும் வாயத் திறக்கல, அப்புறம் திடீர்னு "இது ஓதம் ஏறின சுவரும்மா, பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கான்"னார். பொதுப்பணித்துறைல இருந்து ரிட்டயர் ஆனாலும் கண்ணு ரிட்டயர் ஆகல.

இப்படியே விட்டா இவருக்கும் ஒரு பெட் பாக்கணும்னு தோணுச்சு, அதான் தனியா ஒரு கைடு புக் பண்ணிட்டேன். குரூப்ல போட்டா முட்டி தாங்காது, முன்னாடி ஒருத்தர் கொடியத் தூக்கிட்டு ஓடுவாங்க, பின்னாடி காதுல மெஷின மாட்டிக்கிட்டு நாப்பது பேர் ஓடணும். அப்பா யூரோவ ரூபாயா மாத்திப் பாத்துட்டு "திருச்சில ஒரு கொத்தனாருக்கு ஒரு மாசக் கூலி"ன்னார். வரமாட்டேன்னு மட்டும் சொல்லல.

அக்டோபர் 5, சனி

1285.

கொலோசியம் டிக்கெட்ல பாஸ்போர்ட்ல இருக்கற மாதிரியே பேர் போடணுமாம். அப்பாவோட இனிஷியல விரிச்சா தாத்தா பேர், ஊர் பேர்லாம் சேந்து அந்தக் கட்டத்துக்குள்ள அடங்கல.

அக்டோபர் 6, ஞாயிறு

1285. குறையல. அது போதும் இன்னைக்கு.

மாசத்தோட முதல் ஞாயிறுன்னா கொலோசியம் இலவசமாம், ஊரே அங்கதான் நிக்கும், நாளைக்கு வாங்கன்னு கைடம்மா மெசேஜ். ஓசின்னு சொன்னதும் அப்பாவுக்கு இன்னைக்கே போலாம்னு ஒரு சபலம்.

அக்டோபர் 7, திங்கள்

கைடம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும், கழுத்துல அரசாங்க பேட்ஜ், கால்ல நல்ல ஷூ. ஆர்க்கியாலஜி படிச்சவங்க. முதல் கால் மணி நேரம் மனப்பாடமா சொன்னாங்க, 72 வாக்குல வெஸ்பாசியன் ஆரம்பிச்சான், 80ல அவன் மகன் டைட்டஸ் திறந்தான், 100 நாள் விளையாட்டு, 80 வாசல், அதுல 76க்கு நம்பர். நான் தமிழ்ல சொல்லச் சொல்ல அப்பா தலையாட்டிட்டு மட்டும் இருந்தார். அப்புறம் கல்லுல இருக்கற ஓட்டையெல்லாம் பாத்துட்டு "இரும்புக் கவ்வி போட்டிருப்பான், பின்னாடி வந்தவன் பேத்துட்டுப் போயிருப்பான்"னார். நான் சொன்னதும் அந்தம்மா ஒரு நிமிஷம் நின்னு அப்பாவ மேலயும் கீழயும் பாத்தாங்க.

அடுத்து இந்த இடத்துல நீரோ ஒரு ஏரி வெட்டி வெச்சிருந்தான், அத வடிச்சுட்டுத்தான் கட்டினாங்கன்னாங்க. "ஏரிலயா? வேளச்சேரிக்காரன்ட்ட கேக்கச் சொல்லு"ன்னார் அப்பா. அப்புறம் சீரியசாவே, எந்தப் பக்கம் இளகின மண்ணு, எந்தப் பக்கம் விழுந்துச்சுன்னு கேட்டார். தெற்குப் பக்கம்தான், அடியில பழைய ஓடையோட வண்டல், 1349 நிலநடுக்கத்துல அந்தப் பக்க வெளிச்சுவர் சரிஞ்சுது, வடக்குப் பக்கம் இன்னும் முழு உயரத்துக்கு நிக்குது. அந்தம்மா அதோட மனப்பாடத்த மூடி வெச்சுட்டாங்க. அப்புறம் அப்பா எங்க நின்னாரோ அங்க நின்னு, என்ன கேட்டாரோ அதச் சொன்னாங்க. தனி கைடுக்குக் குடுக்கற காசு இதுக்குத்தான்னு எனக்குத் தோணுச்சு, மத்ததெல்லாம் போன்லயே படிச்சுக்கலாம்.

அடுத்து ஃபோரம், பழைய ரோமோட பொதுத் திடல். அங்க எல்லாரும் சீசர எரிச்ச இடத்துல பூ வெச்சு போட்டோ எடுத்துட்டு இருந்தாங்க. அப்பா அத எட்டிக்கூடப் பாக்கல, "இவ்ளோ பள்ளமான இடத்துல மழத் தண்ணி எங்க போச்சு?"ன்னுதான் கேட்டார். அந்தம்மா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். க்ளோவாக்கா மாக்சிமான்னு ஒரு பெரிய வடிகால், ரோம்ல ராஜாக்கள் ஆண்ட காலத்துல ஆரம்பிச்சது, இன்னைக்கும் தண்ணி போகுதாம். அது மேல வட்டமா ஒரு பளிங்கு மேடை, க்ளோவாசினான்னு அந்த வடிகாலுக்கே ஒரு தேவதை. "சாக்கடைக்கு ஒரு அம்மன்! நம்ம ஊர்ல இருந்திருந்தா எவனாவது பயந்துட்டு பிளாஸ்டிக் போடாம இருந்திருப்பான்." அந்தம்மாவுக்கு நான் சொன்னேன், அவங்க கைதட்டிச் சிரிச்சாங்க.

பக்கத்துல பசிலிக்கா எமீலியான்னு அந்தக் காலத்துப் பொதுக் கூடம், அதோட தரையில பச்சப் பச்சயா கறை. 410ல ஊரக் கொளுத்தினப்ப காசு மாத்தறவங்களோட செப்புக் காசு உருகி கல்லுலயே ஒட்டிக்கிட்டது. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தா ஒண்ணு ரெண்டு காசோட வட்டம் அப்படியே தெரியுது.

அந்தோனினஸ் ஃபவுஸ்டினா கோயில் பிற்காலத்துல சர்ச் ஆயிடுச்சு, அதோட கதவு அந்தரத்துல தொங்குது. அந்தக் கதவு வெச்சப்ப தரை அந்த மட்டத்துல இருந்துச்சாம், இந்த இடமே மாட்டு மைதானம்னு பேர் வாங்கி மண்ணு மூடிக் கெடந்த காலம். அப்பா ஒவ்வொரு மட்டத்துக்கும் கைய வெச்சு வெச்சுக் கணக்குப் போட்டுட்டு இருந்தார். அதுக்குப் பக்கத்துலயே புல்லு முளைச்ச சின்னச் சின்ன வட்டம், நீள்வட்டம். அது என்னன்னு கேட்டார். அந்தம்மா சொல்ல ஆரம்பிச்சாங்க, ரோம் ஊராகறதுக்கும் முன்னாடி இருந்த சுடுகாடு, 1902ல போனின்னு ஒருத்தர் தோண்டினார், பிற்காலக் குழிங்க பெரும்பாலும் பச்சக் குழந்தைங்க, மரத்தக் குடைஞ்சு அதுக்குள்ள

நான் "கிணறுப்பா"ன்னுட்டேன். வாங்க போலாம் வெயில்னு கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டேன்.

நைட்டு 1295.

அக்டோபர் 8, செவ்வாய்

கிணறுன்னு சொன்னத அப்பா நம்பினாரான்னு தெரியல. அவ்ளோ பக்கத்துல பக்கத்துல எவன் கிணறு வெட்டுவான்.

அக்டோபர் 9, புதன்

மூச்சு விட மறந்துடுதாம். சில செகண்டுதான், நர்ஸ் கால்ல லேசா சுண்டினா திரும்ப விடுது, குறைமாசத்துல பொறந்ததுங்களுக்கு இது உண்டு, இதுக்கு மருந்தே காஃபின்தான்னு மாமா சொன்னார். அம்மா "பொறந்ததும் காப்பியா"ன்னு சிரிச்சுட்டு அப்படியே பாத்ரூம் போய்க் கதவ சாத்திக்கிட்டாங்க.

சாயங்காலம் காரிடார்ல அப்பா பார்க்கிங் ரசீதோட பின்பக்கம் ஆடுபுலி ஆட்டம் வரைஞ்சார். திங்கக்கிழமை பசிலிக்கா ஜூலியா படியில பாத்தது மனசுல நின்னிருக்கு. அங்கதான் கோர்ட் நடந்துச்சாம், வாய்தாவுக்கு வந்தவன், சும்மா வந்தவன் எல்லாம் படியில உக்காந்து பளிங்குலயே கட்டமும் வட்டமும் கீறி வெச்சிருக்கான், நூத்துக்கணக்கான வருஷம் ஆகியும் அழியல. எல்லாக் கோடும் நேரா இல்ல, ஒண்ணு பாதியில நிக்குது. "கேஸ் கூப்பிட்டுட்டான் போல"ன்னு அன்னைக்கே சொன்னார் அப்பா.

ஆட்டுக்கு சில்லறை, புலிக்கு மிட்டாய். ரெண்டு ஆட்டம் நான் தோத்தேன். மூணாவது ஆட்டத்துல கதவு திறந்து டாக்டர் வந்தாங்க, எங்கள இல்ல, பக்கத்து பெஞ்சுக்காரங்கள.

அக்டோபர் 10, வியாழன்

1310!!

ஓஸ்தியா அந்திகா. போகமாட்டேன்னுதான் சொன்னேன், அக்காதான் போங்க இங்க உக்காந்து என்னையே பாக்காதீங்கன்னு விரட்டினா.

பிரமிடு ஸ்டேஷன்ல கைடம்மா நின்னுட்டு இருந்தாங்க. ஸ்டேஷன் எதிர்லயே நிஜமாவே ஒரு பிரமிடு, செஸ்டியஸ்னு ஒரு ஆளோட கல்லறை, கிறிஸ்து பொறக்கறதுக்கு முன்னாடி கட்டினது. 330 நாள்ல முடிச்சோம்னு அதுலயே வெட்டி வெச்சிருக்கான். அப்பா: "எங்க டிபார்ட்மென்ட்ல டெண்டர் பிரிக்கவே 330 நாள் ஆகும்." சிரிச்சுட்டு ட்ரெயின் ஏறினோம். உக்காந்தப்புறம் எனக்கு அந்த 330ஏ சுத்திட்டு இருந்துச்சு. செத்தவனுக்கு 330 நாள் குடுத்திருக்காங்க. இவளுக்கு இன்னும் ஒரு பத்து வாரம் யாரும் குடுக்கல.

ஓஸ்தியா ரோமோட பழைய துறைமுகம். இப்ப கடல் மூணு கிலோமீட்டர் தள்ளிப் போயிடுச்சு, 1557 வெள்ளத்துல ஆறும் பாதைய மாத்திக்கிடுச்சு, துறைமுகம் தண்ணி இல்லாம நிக்குது. கூட்டமே இல்ல, பைன் மர நிழல், பூனைங்க. கொலோசியத்துக்கு முண்டியடிக்கறவங்கள நெனச்சா பாவமா இருக்கு, ஜனங்க வாழ்ந்த ஊர் இங்கல்ல இருக்கு. மாடி வீடுங்க, பேக்கரி, அதுல மாவரைக்கற கருங்கல்லு, தீயணைப்புக்காரங்க குடியிருப்பு, சாப்பாட்டுக் கடைல கல்லா மேடை, சுவத்துல சாப்பாட்டுப் படம். ரோட்டுக் கல்லுதான் முட்டிக்கு எமன். அப்பா ஓரமாவே குச்சி ஊனி நடந்தார்.

ஒரு சுவத்துகிட்ட அந்தம்மா உடஞ்சு கெடந்த ஒரு செங்கல்லக் காட்டினாங்க. பிறை வடிவத்துல முத்திரை, எழுத்து. சூளைக்காரன் பேர் போடுவானாம், சிலதுல அந்த வருஷத்துப் பெரிய பதவிக்காரங்களான கான்சலுங்க பேரும் இருக்கும், 123ஆம் வருஷத்துக் கல்லு நெறைய கெடைக்குதாம். அப்பாவ அங்கேர்ந்து நகத்த முடியல. விரலால எழுத்து மேல தடவாம, காத்துலயே தடவிட்டு இருந்தார், தொடக்கூடாதுன்னு சொன்னதால. "நம்ம சேம்பர் கல்லுலயும் பேர் இருக்கும்மா, ஆனா வருஷம் போடமாட்டான். வருஷம் போட்டா கல்லு நமுத்துப்போனா மாட்டிக்குவான்ல." அதுக்கப்புறம் பூரா தரையப் பாத்தேதான் நடந்தார்.

குளியல்கூடத்துல தொட்டிப் பூச்சப் பாத்து "இது சுர்க்கி!"ன்னு கத்தினார், பூனை ஓடிடுச்சு. சுண்ணாம்புல செங்கல் தூளப் போட்டு அரைச்சது, தண்ணி இறங்காது. 1895ல கட்டி முடிச்ச முல்லைப் பெரியாறு அணைலயும் சுர்க்கிதான்னு அந்தம்மாவுக்கு இங்கிலீஷ்ல அவரே சொன்னார், நான் தேவைப்படல. அவங்க நோட்டுல எழுதிக்கிட்டாங்க.

தரைக்கு அடியில சின்னச் சின்ன செங்கல் தூண், அதுக்கு நடுவுல அடுப்புச் சூடு ஓடும், சுவத்துக்குள்ள மண்குழாய் வழியா மேல ஏறும். "சூடு எவ்ளோன்னு எப்படி கன்ட்ரோல் பண்ணான்?"னு கேட்டார் அப்பா. அவர் எதுக்குக் கேக்கறார்னு எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரில பாப்பா பெட்டி மேல எப்பவும் ஒரு நம்பர் ஓடிட்டே இருக்கும். அந்தம்மா, அடுப்பு போடற ஆளோட அனுபவம்தான்னாங்க.

ரோமுக்கும் நமக்கும் மிளகு வியாபாரம், வருஷம் 5 கோடி செஸ்டர்ஸ் காசு இந்தியாவுக்குப் போகுதுன்னு பிளினின்னு ஒரு ரோமன் எழுத்தாளன் புலம்பினான்னு எங்களுக்காகவே தயார் பண்ணிட்டு வந்திருப்பாங்க போல, பாவம். அப்பா மண்ணுல புதைச்சு வெச்சிருந்த பெரிய பானைங்களப் பாத்துட்டு இருந்தார். ஒவ்வொண்ணுலயும் எவ்ளோ பிடிக்கும்னு குறிச்சிருக்கு, அவங்க அளவுல சுமாரா 40 ஆம்ஃபோரா, நம்ம கணக்குல 1000 லிட்டர் கிட்ட. "சின்டெக்ஸ் டேங்க்"னார். மிளகு அதோட முடிஞ்சுது.

கடைசியா டேப்லட்ல ஒரு சுவரோவியம். கிரேக்க ஞானிங்க ஏழு பேர வரைஞ்சு, ஒவ்வொருத்தர் வாயாலயும் கக்கூஸ் அட்வைஸ். நல்லா போகணும்னு சோலோன் வயித்தத் தடவி விட்டாராம். மலச்சிக்கல்காரன் முக்கணும்னு தேலிஸ். சத்தம் வராம விடறது எப்படின்னு கிலோன் சொல்லிக் குடுத்தாராம். இந்த ஊர் வந்ததுலேர்ந்து ரொட்டியும் சீஸும் தின்னுட்டு அப்பா பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும், அந்தக் கல்லு மேல உக்காந்து கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சார். நான் அவர் சிரிச்சுப் பாத்து எவ்ளோ நாளாச்சு.

அந்த சிரிப்பு அடங்கறதுக்குள்ளயே அந்தம்மாகிட்ட "மை கிராண்ட்டாட்டர். ஒன் கேஜி த்ரீ ஹண்ட்ரட்"னார். நான் அவங்ககிட்ட மூச்சே விடல இவ்ளோ நாளா. அவங்க ஐயோ பாவம்லாம் சொல்லல. டேப்லட்டத் தள்ளித் தள்ளி இன்னொரு படம் எடுத்தாங்க, இங்கேர்ந்து பக்கத்துல இசோலா சாக்ரான்னு ஒரு கல்லறை இடம், ஸ்கிரிபோனியா அத்திசேன்னு ஒரு மருத்துவச்சியோட சமாதிலேர்ந்து சுட்ட மண்ணுப் பலகை. ஒரு பொண்ணு நாற்காலில உக்காந்து பெத்துட்டு இருக்கா, பின்னாடி ஒருத்தி தாங்கிப் பிடிச்சிருக்கா, முன்னாடி குட்ட ஸ்டூல்ல மருத்துவச்சி. எனக்குக் கோவம் வந்துச்சு, இத ஏன் இப்பக் காட்டணும்னு. அப்பா கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுட்டு ரொம்ப நேரம் பாத்தார். "நாற்காலிக்கு கைப்பிடி வெச்சிருக்கான் பாரு. பிடிச்சுக்க."

அக்டோபர் 11, வெள்ளி

1310. அதேதான்.

அக்டோபர் 12, சனி

ராத்திரி ரெண்டு மணிக்கு மாமா போன். எழுத முடியல.

அக்டோபர் 13, ஞாயிறு

இன்ஃபெக்‌ஷன் இல்லையாம், டெஸ்ட் க்ளியர். இல்லையாம் இல்லையாம் இல்லையாம்.

1300.

அக்டோபர் 14, திங்கள்

1320. ட்யூப் வழியா பால் கொஞ்சம் கூட்டியிருக்காங்க.

அடுத்த வருஷம், 2025, கத்தோலிக்கங்களோட ஜூபிலி புனித வருஷமாம், ஊர் பூரா தோண்டிப் போட்டிருக்கான், அப்பாவுக்கு அதுவும் டூர்தான். சான் ஜொவானி மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனேன், கைடம்மா சொன்னது. கீழ இறங்க இறங்க சுவத்துல ஆழமும் காலமும் போட்டிருக்கு, தோண்டினப்ப கெடச்ச பானை, குழாய், பீச் கொட்டை எல்லாம் கண்ணாடிப் பெட்டில. எஸ்கலேட்டர்ல மூணு தடவ ஏறி இறங்கினார். செக்யூரிட்டி ஒரு மாதிரி பாத்தான்.

ரோட்டுக் குழாய்ல அடியில விரல வெச்சு அடைச்சா மேல ஓட்டை வழியா தண்ணி வளைஞ்சு வாய்க்கு வருது, இங்க எல்லாக் குழாயும் அப்படித்தான். சட்டைய நனைச்சுக்கிட்டு வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட திட்டு.

அக்டோபர் 15, செவ்வாய்

1345. அக்கா நெஞ்சு மேல ஒரு மணி நேரம் வெச்சிருந்தாங்களாம், சட்டைக்குள்ள, தோலோட தோலா. மூச்சு ஒரு தடவகூட நிக்கல. மாமா வீடியோ அனுப்பினார், தொப்பிதான் தெரியுது. அப்பா அத ஓட்டி ஓட்டிப் பாத்துட்டு, தலைய நிமித்தி "இங்க டேப் எங்க கிடைக்கும்?"னார். செங்கல் அளக்கவாம். பெருசு ரெண்டு ரோமன் அடி, 59 சென்டிமீட்டர், சின்னது 20ன்னு கைடம்மா சொன்னத சரிபாக்கணுமாம். அளக்க விடமாட்டாங்கப்பான்னேன். தொடாம அளக்கறேன்னார்.

வெள்ளிக்கிழமை காராகல்லா குளியல்கூடம் போலாமா, கீழ சுரங்கமும் இருக்கு, அப்பாவால படி இறங்க முடியுமான்னு அவங்க மெசேஜ். முடியும்னார். முட்டி என்ன சொல்லுதுன்னு கேட்டேன், அதையெல்லாம் யார் கேட்டாங்கன்னார். 9 மணின்னு போட்டுட்டேன். டேப் அஞ்சு மீட்டர், நாலு யூரோ, தெருமுனை ஹார்ட்வேர் கடை.