அனுமதி வாங்கி வளர்க்கும் பல்லி

"இங்கே சுவரில் திரிவதை விளக்குமாற்றால் விரட்டிக்கொண்டிருக்கிறேன். நீ அரசாங்கத்துக்கு மனுப் போட்டுப் பல்லி வளர்க்கப் போகிறாயா?" என்று காஞ்சிபுரத்திலிருந்து அம்மா கேட்டார். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. மனுதான் போட்டேன், அதுவும் இரண்டு முறை.

நான் இருப்பது நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மேற்குப் புறநகரில். வைட்டாக்கெரே மலைப் பக்கம் ஒரு சனிக்கிழமை மரக்கன்று நடப் போயிருந்தபோதுதான் அதை முதலில் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதுகூடப் பொய். பக்கத்தில் இருந்தவர் மானூக்கா புதரை நோக்கி விரலை நீட்டிக்கொண்டே நின்றார், எனக்கு இலைதான் தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து ஓர் இலை தன் கண்ணைத் தானே நாக்கால் நக்கிக்கொண்டது. கெக்கோ வகைப் பல்லிகள் பெரும்பாலானவற்றுக்கு இமை கிடையாது, கண்ணைத் துடைக்க நாக்குதான். நாங்கள் நெருங்கியதும் அது வாயைப் பிளந்தது. உள்ளே முழுக்க நீலம். தலைமுதல் வால்வரை வாழைக்குருத்துப் பச்சை, வாய் மட்டும் பேனா மையைக் குடித்ததுபோல. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆங்கிலத்தில் இதை ஆக்லாந்துப் பச்சை கெக்கோ என்கிறார்கள். இந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களின் மொழியில் மோக்கோ காக்காரிக்கி. நியூசிலாந்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கெக்கோ இனங்கள் இருக்கின்றன. அத்தனையும் முட்டையிடாமல் குட்டி போடுபவை. உலகின் மற்ற கெக்கோக்கள் ஏறக்குறைய எல்லாமே முட்டையிடும். அதிலும் இந்தப் பச்சை வகை பகலில் நடமாடும், மரத்திலேயே வாழும், வாலைக் கிளையில் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். நம் வீட்டுப் பல்லிபோலப் பயந்தவுடன் வாலை உதறிவிட்டு ஓடும் பழக்கமும் இதற்கு அரிது.

வளர்க்க ஆசைப்பட்டால் கடைக்குப் போய் வாங்க முடியாது. செல்லப்பிராணிக் கடையில் லெப்பர்ட் கெக்கோ கிடைக்கும். அது வெளிநாட்டு இனம், பணத்தைக் கொடுத்தால் பெட்டியில் போட்டுத் தருவார்கள். உள்நாட்டு இனம் என்றால் 1953-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கிறது. காட்டில் பிடிப்பது குற்றம், விற்பது குற்றம். ஏற்கெனவே அனுமதி வைத்திருக்கும் ஒருவர், அனுமதி பெற்ற இன்னொருவருக்குக் காசு வாங்காமல் கொடுக்கலாம். அனுமதி தருவது இயற்கைப் பாதுகாப்புத் துறை. எல்லாரும் சுருக்கமாக டாக் என்பார்கள்.

ஆக, முதலில் தேடியது பல்லியை அல்ல, ஆளை. மரம் நடும் குழுவின் வழியாக ஒரு பெரியவர் அறிமுகமானார். முப்பது வருடமாகப் பச்சை கெக்கோ வளர்ப்பவர். அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. "ஆறு மாதம் வந்து என் கூண்டுகளைச் சுத்தம் செய், பிறகு பேசலாம்" என்றார். குருகுலவாசம்தான். ஞாயிறுதோறும் போய்ப் பழைய தோல் பொறுக்கினேன், இலைகளுக்குத் தண்ணீர் தெளித்தேன், ஈ பிடித்தேன். பல்லியைக் கையில் எடுக்க அவர் அனுமதித்தது நான்காவது மாதத்தில், அதுவும் ஒரே ஒரு நிமிடம்.

விண்ணப்பப் படிவம் கேட்ட கேள்விகளுக்குப் பெண் பார்க்க வருகிறவர்களே தேவலை. கூண்டின் நீள அகல உயரம் என்ன, எந்தப் பக்கம் பார்த்து இருக்கும், எலி எப்படி நுழையாது, பல்லி எப்படி வெளியேறாது, என்ன தீனி, நோய் வந்தால் யாரிடம் காட்டுவாய், இதுவரை என்ன அனுபவம், யாரிடமிருந்து வாங்கப் போகிறாய். அந்தப் பகுதி மாவோரி மக்களின் கருத்தையும் கேட்பார்கள் என்று பெரியவர் சொன்னார். ஏன் என்று படித்துப் பார்த்தபோது சிரிப்பும் சிலிர்ப்பும் சேர்ந்து வந்தன. பச்சைப் பல்லி சிரிப்பதுபோல் ஒலி எழுப்பினால் சாவு வரும் என்று பழைய மாவோரி நம்பிக்கை. நம் பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தில் கௌளி சாத்திரம் அச்சாகிற ஊரிலிருந்து, வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்த எனக்கு, இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதல் விண்ணப்பத்தில் நான் சறுக்கியது கம்பி வலையில். பத்து மில்லிமீட்டர் கண் உள்ள வலை என்று பெருமையாக எழுதி, படமும் எடுத்து அனுப்பியிருந்தேன். அலுவலர் தொலைபேசியில் அழைத்து மிகப் பொறுமையாக ஒன்று கேட்டார்: "சுண்டெலியின் தலை எவ்வளவு பெரிது என்று பார்த்திருக்கிறீர்களா?" தலை நுழைந்தால் உடம்பு நுழைந்துவிடும். குளிர்காலத்தில் பல்லி விறைத்துக் கிடக்கும்போது எலி வந்து உயிரோடு கடித்துத் தின்றுவிடும். எல்லா வலையையும் பிய்த்தெறிந்துவிட்டு ஆறு மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகு வலை வாங்கி அடித்தேன். விலையைக் கேட்டு மனைவி ஒரு வாரம் பேசவில்லை.

கூண்டை வைத்த இடத்திலும் எனக்கு ஒரு பாடம் இருந்தது. இது சூரியன் வடக்கே சாய்ந்து போகிற நாடு. வெயில் வேண்டுமென்றால் வடக்குப் பார்த்து வைக்க வேண்டும். குளிர்காற்று வருவதோ தெற்கிலிருந்து. தென்றல் என்று நாம் கொஞ்சுகிற காற்று இங்கே அண்டார்க்டிகாவிலிருந்து கிளம்பி வந்து பல்லைக் கிட்ட வைக்கும். காலாகாலமாக ஊறிய திசைப்புத்தியில் நான் கூண்டின் திறந்த பக்கத்தைத் தெற்கே திருப்பி வைத்திருந்தேன். பெரியவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல், நாங்கள் இருவருமாகத் தூக்கித் திருப்பி வைக்கும்வரை அங்கேயே நின்றார்.

உள்ளே தொட்டியில் மானூக்கா. அதன் வேர் ஒரு நாள் காய்ந்தால் போதும், செடி போய்விடும். பச்சையாக இருப்பதுபோலவே நடித்துக்கொண்டு செத்திருக்கும். பல்லி வருவதற்குள் இரண்டு செடிகளைக் கொன்றேன்.

இரண்டாவது விண்ணப்பத்துக்கு அனுமதி வந்தது. கடிதத்தைப் படிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. பாதுகாக்கப்பட்ட உயிரினம் சட்டப்படி அரசின் உடைமை. கூண்டும் தீனியும் வைத்தியச் செலவும் என்னுடையவை. பல்லி என்னுடையது அல்ல, அது போடும் குட்டியும் என்னுடையது அல்ல. ஊரில் மாட்டை வாரத்துக்கு வளர்ப்பார்கள், கன்றில் பங்காவது உண்டு. இங்கே அதுவும் கிடையாது. எத்தனை இருந்தன, எத்தனை பிறந்தன, எத்தனை செத்தன, யாருக்குக் கொடுத்தாய் என்று ஆண்டுதோறும் கணக்கு மட்டும் கொடுக்க வேண்டும்.

டிசம்பரில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் துணிப்பையில் வந்தன. பச்சையப்பன், பச்சையம்மன். பச்சையம்மனுக்கு முதுகில் இரு வரிசையாக மஞ்சள் புள்ளிகள்.

தீனியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பறக்கிற பூச்சி என்றால் இவற்றுக்கு உயிர். அதனால் ஈப்புழு வாங்கித் தவிட்டில் விட்டு, அவை கூட்டுப்புழு ஆனதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். வேண்டும்போது கொஞ்சம் எடுத்து வெளியே வைத்தால் சில நாட்களில் ஈயாகும். ஈயை மறுபடி சற்று நேரம் குளிரில் வைத்தால் மந்தமாகிவிடும். அப்போது கால்சியம் தூளில் குலுக்கிக் கூண்டில் விட வேண்டும். வெள்ளை மாவு பூசிய ஈக்கள் தள்ளாடி எழும்பும். பச்சையம்மன் கிளையில் வாலைச் சுற்றிக்கொண்டு முன்னுடம்பை அப்படியே காற்றில் நீட்டி நிற்பாள். தலை மட்டும் ஈயோடு திரும்பும். ஒரு சொடுக்கு. உதட்டோரத்தில் ஒட்டிய சுண்ணாம்பை நாக்கு வந்து துடைத்துவிட்டுப் போகும். வாரம் ஒருமுறை தேன் கலந்த பழக்கூழ் வைத்தால் பூனை பால் குடிப்பதுபோல் நக்கும்.

கூட்டுப்புழு டப்பா இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அது பார்க்கக் கருஞ்சிவப்பு அரிசிபோல இருக்கும். ஒரு விருந்தாளி அதைத் திறந்து, "இது என்ன அரிசி?" என்று கேட்ட நாள்முதல் எங்கள் வீட்டில் இரண்டாவதாக ஒரு சிறிய ஃபிரிட்ஜ் கார் கொட்டகையில் இருக்கிறது.

முதல் பிப்ரவரியில் பச்சையப்பன் காணாமல் போனான். தொட்டி மாற்றும்போது கதவைச் சரியாகத் தாழிடவில்லையோ என்று சந்தேகம். வேலியெல்லாம் தேடினேன், பக்கத்து வீட்டுப் பூனையை முறைத்தேன். தப்பிவிட்டது என்று துறைக்கு எழுத வாசகம்கூட யோசித்துவிட்டேன். இரண்டாம் நாள் மாலை, கூண்டுக்குள் என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்த கிளை கண்ணை நக்கியது. இரண்டு நாளும் அங்கேயேதான் இருந்திருக்கிறான்.

இன்னொரு பயமும் உண்டு, அது பூனையைவிடப் பெரிது. 2009-இல் ஜெர்மானியர் ஒருவர் 44 கெக்கோக்களையும் அரணைகளையும் உள்ளாடைக்குள் தைத்த பையில் மறைத்துக்கொண்டு விமானம் ஏற வந்து கிறைஸ்ட்சர்ச்சில் பிடிபட்டார். ஐரோப்பாவில் இவற்றுக்கு அப்படி ஒரு விலை. 2013-இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இந்தப் பேரினம் முழுவதும் சேர்க்கப்பட்டும் ஆசை அடங்கியதாகத் தெரியவில்லை. ஆகவே வளர்ப்பவர்கள் யாரும் முகவரி சொல்வதில்லை. கூண்டுக்குப் பூட்டு உண்டு. நான் படம் எடுக்கும்போது தொலைபேசியில் இடம் பதிவாகும் வசதியை அணைத்துவிடுவேன். எங்கள் தெரு என்ன என்று கேட்டு இதைப் படிக்கும் யாரும் எழுத வேண்டாம்.

இரண்டாம் ஆண்டு வசந்தத்தில், அதாவது செப்டம்பரில், இரண்டும் சேர்ந்தன. கோடை முழுக்கப் பச்சையம்மன் வெயிலிலேயே படுத்திருந்தாள். மார்ச்சில் விலாப்பக்கம் இருபுறமும் உப்பியது. காஞ்சிபுரத்து வெயிலுக்குப் பயந்து அம்மா ஏப்ரலில் எங்களிடம் வந்திருந்தார். கூண்டுப் பக்கமே போக மாட்டேன் என்று முதல் வாரம் சொன்னவர், இரண்டாம் வாரம் காலைக் காப்பியை அங்கேதான் குடித்தார். "வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு இப்படி ஈயை மட்டும் போட்டால் எப்படி?" என்று பழக்கூழை அதிகமாக்கச் சொன்னதும் அவர்தான்.

ஒரு காலை நான் கிளையை விலக்கியபோது பச்சையம்மன் வாயைப் பிளந்து கீச்சென்று ஒரு குரல் கொடுத்தாள். அம்மாவின் விரல் தானாகப் போய் நாற்காலிக் கையைத் தட்டியது. "கிருஷ்ணா, கிருஷ்ணா." அப்புறம் என்னைப் பார்த்து, "இது எந்தத் திசை?" என்றார். வடக்கு என்றேன். இந்த ஊரில் வடக்குக்கு வடக்கின் பலனா, தெற்கின் பலனா என்று அவருக்குக் குழப்பம். இன்றுவரை தீரவில்லை.

மறுநாள் கூண்டில் நான்கு பல்லிகள் இருந்தன. இரட்டைக் குட்டிகள், ஒவ்வொன்றும் என் சுண்டுவிரல் நீளம், பிறந்தபோதே முழுப் பச்சை. ஒன்று பிறந்த தோலை உரித்துக்கொண்டிருந்தது. கையுறை கழற்றுவதுபோல் ஒவ்வொரு விரலாக வாயால் இழுத்து, இழுத்ததைத் தின்றுவிட்டது. பெரியவர் சொல்லியிருந்தபடி குட்டிகளைத் தனிக் கூண்டுக்கு மாற்றினேன்.

அந்த ஆண்டுக் கணக்கில் பிறப்பு என்ற கட்டத்தில் 2 என்று எழுதினேன். குட்டிகளுக்கு இப்போது ஒரு வயதாகிறது. ஹாமில்டன் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை விண்ணப்பித்திருக்கிறார். பெரியவர்தான் என்னிடம் அனுப்பி வைத்தார். ஞாயிறுதோறும் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து கூண்டு கழுவுகிறார். போன வாரம் தன் கூண்டின் படத்தைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. வலையின் கண் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டேன்.