67 பீட்டிலுக்கு எந்த கியர் லிவர்? பழசா, புதுசாகச் செய்த பழசா?

மார்ச் 2, சனி

இர்வைன், கலிபோர்னியா. இன்றைக்கு காலையில் வண்டியை எடுத்தேன், இரண்டாவது கியர் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. 1967 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், 1500 சிசி, கியர் லிவர் கம்பெனியில் போட்டதே. நியூட்ரலில் விட்டால் லிவர் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சும்மா ஆடுகிறது. முதல் கியரிலிருந்து கீழே இழுத்தால் சில நேரம் இரண்டாவது, சில நேரம் ஒன்றுமில்லை, ஒருமுறை நேராக நாலாவதுக்கே போய்விட்டது.

லிவரை மாற்றிவிடலாம் என்று ரொம்ப நாளாக யோசனை. கையில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அறுபதுகளின் கடைசியில் ஹர்ஸ்ட் கம்பெனி செய்த ஒரிஜினல் ஷார்ட் ஷிஃப்டர், அதாவது கை கொஞ்ச தூரம் நகர்ந்தாலே கியர் மாறுகிற லிவர், பக்கத்து ஊர் சான்டா அனாவில் ஒருவர் விற்கிறார், 325 டாலர் சொல்கிறார். இன்னொன்று, அதே தோற்றத்தில் இப்போது புதிதாகச் செய்து விற்கும் நகல், 70 டாலருக்குள் வீட்டுக்கே வந்துவிடும். மனைவியிடம் சொன்னேன். "ஏங்க, ஒரு குச்சிக்கு இவ்வளவு யோசனையா?" என்றாள். குச்சி இல்லை என்று விளக்க ஆரம்பித்தேன், போன் வந்தது என்று எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 3, ஞாயிறு

சான்டா அனா போய் பழசைப் பார்த்துவிட்டு வந்தேன். கையில் வாங்கியதும் முதலில் தெரிவது எடை. லிவரில் ஹர்ஸ்ட் என்று பொறித்திருக்கிறது. குரோம் பூச்சு மேலே நன்றாக இருக்கிறது, கீழே புள்ளி புள்ளியாகத் துரு. உள்ளே இருக்கும் உருண்டை ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகிவிட்டது, ஸ்பிரிங்கிலும் உயிர் இல்லை. விற்பவர் நேர்மையாகவே காட்டினார். இதற்கு உதிரிப் பாகம் எங்கேயும் கிடைக்காது, இருப்பதை வைத்து ஓட்ட வேண்டியதுதான் என்றார். ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 6, புதன்

வேலைக்குப் போகிற வழியில் ஐந்தாம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி இப்போது வெறும் அலுவலகக் கட்டடங்கள். ஆரஞ்ச் கவுன்டி இன்டர்நேஷனல் ரேஸ்வே அங்கேதான் இருந்தது, 1983-ல் மூடினார்கள். 1968-ல் முதல் 'பக்-இன்' அங்கேதான் நடந்தது. பீட்டிலை வைத்து கால் மைல் பந்தயம் ஓட்டக் கூடிய கூட்டம் அது. ரிவர்சைடில் ஃபோக்ஸ்வாகன் டீலராக இருந்த ஜோ விட்டோன் ஆரம்பித்த எம்பி (EMPI) என்ற உதிரிப் பாகக் கம்பெனியின் 'இஞ்ச் பிஞ்சர்' என்ற பந்தய பீட்டில் எல்லாம் அந்தக் காலத்தில்தான் பேர் வாங்கியது. அந்தப் பசங்களுக்கு கம்பெனி லிவர் பிடிக்கவில்லை. ஒரு கியரிலிருந்து அடுத்ததுக்கு கை ரொம்ப தூரம் போக வேண்டியிருந்தது, கால் மைல் ஓட்டத்தில் அது நேரம். அதனால்தான் ஷார்ட் ஷிஃப்டர் என்று ஒன்று வந்தது.

எம்பி என்ற பெயர் எழுபதுகளின் தொடக்கத்திலேயே கை மாறிவிட்டது. இன்றைக்கு அதே பெயரில் வருகிற பாகங்களைச் செய்வது வேறு கம்பெனி. நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஆனால் பெட்டியில் இருக்கும் பேரைப் பார்த்து இது அறுபதுகளின் சாமான் என்று நினைக்கக் கூடாது. சந்தையில் பாதிப் பேர் அந்த நினைப்பில்தான் வாங்குகிறார்கள்.

மார்ச் 9, சனி

பின்தெருவில் ஒரு பெரியவர் இருக்கிறார், வாழ்நாள் முழுக்க ஃபோக்ஸ்வாகன் பட்டறை வேலை பார்த்தவர், இப்போது வீட்டு கராஜில் ஒரு சின்ன லேத் வைத்துக்கொண்டு பொழுதுபோக்குகிறார். லிவர் விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "லிவரை அப்புறம் பார், பின் சீட்டைத் தூக்கு" என்றார்.

பீட்டிலில் இன்ஜின் பின்னால், கியர் பெட்டியும் பின்னால், லிவர் மட்டும் முன்னால். நடுவில் தரைக்குள் இருக்கும் டனல் வழியாக ஒரு நீளமான ராடு போகிறது. அந்த ராடைத் தாங்க முன்பக்கம் ஒரு பிளாஸ்டிக் புஷ், பின்னால் கியர் பெட்டியோடு சேர்கிற இடத்தில் ரப்பர் வைத்த கப்ளர். பின் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன மூடியைத் திறந்தால் கப்ளர் தெரியும். என்னுடையதில் ரப்பர் கையில் பொடியாக வந்தது. புஷ் என்று ஒன்று இருந்த தடமே இல்லை, ராடு இரும்பில் இரும்பாக உரசிக்கொண்டிருந்தது. சத்தத்தை நான் இத்தனை நாள் சைலன்சர் என்று நினைத்தேன்.

கப்ளரைப் பிடித்திருப்பது சதுரத் தலை ஸ்க்ரூ, அதை ஒரு கம்பியால் கட்டி வைக்க வேண்டும். கட்டாமல் விட்டால் தளர்ந்து, நடுரோட்டில் கியரே விழாது. இதைப் பெரியவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். புஷ் போடுவது லிவர் ஓட்டை வழியாகக் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாமல் தடவித் தடவிச் செய்கிற வேலை. முழங்கை வரை கிரீஸ். இரண்டு பாகத்துக்கும் சேர்த்து நல்ல சாப்பாட்டுக் காசுதான் ஆனது.

மாலையில் ஓட்டினேன். அதே பழைய கம்பெனி லிவர், ஆட்டம் முக்கால்வாசி போயே போய்விட்டது. யாராவது லிவர் வாங்கலாமா என்று கேட்டால் இனி முதலில் இந்த இரண்டையும் பார்க்கத்தான் சொல்வேன். இதைச் செய்யாமல் 325 டாலர் லிவரைப் போட்டாலும் ஆடும் ராடுதான் மிஞ்சும், கைப்பிடி மட்டும் அழகாக இருக்கும்.

மார்ச் 10, ஞாயிறு

பொமோனாவில் பழைய வண்டி, பாகங்கள் விற்கும் சந்தை. கிழக்கு வெளுக்கும் முன்பே டார்ச் லைட்டோடு ஆட்கள். பழைய ஷிஃப்டர்கள் நாலைந்து கண்ணில் பட்டன, எல்லாவற்றிலும் ஒரே கதை, உருண்டை தேய்ந்திருக்கும், இல்லையென்றால் யாரோ வெல்டு வைத்திருப்பார்கள். விலை மட்டும் குறையவே இல்லை. எதையும் வாங்கவில்லை, காபி நன்றாக இருந்தது.

மார்ச் 14, வியாழன்

நண்பன் ஒருவன் தன் வண்டிக்கு வாங்கி வைத்திருந்த நகலை, போட்டுப் பார் என்று கொடுத்தான். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. பளபளப்பு கண்ணைப் பறிக்கிறது. அடித்தட்டு மெல்லிசான தகடு, லிவர் அதில் ரிவிட் அடித்துப் பொருத்தியிருக்கிறது. போல்ட் ஓட்டைகள் நீள்வட்டமாக இருப்பதால் முன்னும் பின்னும் நகர்த்தி சரி செய்யலாம்.

ரிவர்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் எழுத வேண்டும், முக்கியம் அதுதான். பீட்டிலில் ரிவர்ஸ் போட லிவரைக் கீழே அமுக்கி, இடப்பக்கம் தள்ளி, பின்னால் இழுக்க வேண்டும். அதாவது இரண்டாவது கியருக்குப் பக்கத்து வீடு. அமுக்காமல் அங்கே போகவிடாமல் தடுப்பது லிவருக்கு அடியில் இருக்கும் ஒரு தகடு, அதன் ஒரு விளிம்பு நிமிர்ந்திருக்கும், அது வலப்பக்கம் வர வேண்டும். இந்த நகலுக்கு அந்தத் தகடு வேண்டாமாம், தானே தடுப்பு வைத்திருக்கிறதாம்.

மார்ச் 17, ஞாயிறு

நகலைப் போட்டு ஓட்டினேன். தூரம் குறைந்தது உண்மை, கை மணிக்கட்டு அசைத்தாலே கியர் விழுகிறது. ஆனால் தூரத்தைப் பாதியாக்கினால் கையின் விசை இரட்டிப்பாகும், நெம்புகோல் கணக்கு அப்படித்தான். என் கியர் பெட்டியில் இரண்டாவது கியரின் சிங்க்ரோ, அதாவது பற்கள் மோதாமல் வேகத்தைச் சமப்படுத்துகிற வளையம், ஏற்கெனவே களைத்தது. கம்பெனி லிவரில் அது தயங்கும்போது கைக்குத் தெரியும், கொஞ்சம் காத்திருந்து போடுவேன். ஷார்ட் ஷிஃப்டரில் அந்தத் தயக்கம் தெரிவதற்குள் தள்ளிவிடுகிறோம். பந்தயத்துக்கு சரி. மளிகைக் கடைக்குப் போகும் வண்டிக்கு?

திரும்பி வரும்போது சிக்னலில் முதலிலிருந்து இரண்டாவதுக்கு இழுத்தேன், கரகரவென்று பல் கடிக்கிற சத்தம். அமுக்கவே இல்லை, ரிவர்ஸ் பக்கம் போயிருக்கிறது. மெதுவாகப் போய்க்கொண்டிருந்ததால் தப்பித்தேன். வீட்டுக்கு வந்து அடித்தட்டை நகர்த்தி, நகர்த்தி, மறுபடி நகர்த்திப் பார்த்தேன். தடுப்புக்காக விட்டிருக்கும் நாக்கு போதுமான உயரம் இல்லை. ரிவிட் என்பதால் கழற்றவும் முடியாது, நிமிர்த்தவும் முடியாது. கழற்றித் துடைத்து பெட்டியில் போட்டு நண்பனிடமே கொடுத்துவிட்டேன். அவனுடைய வண்டியிலும் போட வேண்டாம் என்று சொன்னேன், யோசிக்கிறானாம்.

நகல் எல்லாமே இப்படி இல்லை. 200 டாலருக்கு மேல் கொடுத்தால் நன்றாகக் கடைந்து செய்த, கழற்றி மாட்டக்கூடிய லிவர்கள் இப்போது புதிதாகவே கிடைக்கின்றன. தினமும் ஓட்டுபவர், குரோம் புள்ளியைப் பார்த்து வருத்தப்படாதவர், அதை வாங்கலாம், நானே சிபாரிசு செய்வேன்.

மார்ச் 21, வியாழன்

சான்டா அனா பழசை ஒரு நாள் கடன் வாங்கி வந்து பெரியவரிடம் காட்டினேன். சர்க்கிளிப் என்ற பூட்டு வளையம் ஒன்றைக் கழற்றினார், மொத்தமும் பிரிந்து மேசை மேல் வந்துவிட்டது. உருண்டை, கிண்ணம், ஸ்பிரிங், தடுப்பு எல்லாம் தனித்தனி. தேய்ந்த உருண்டைக்குப் பதில் வெண்கலத்தில் புதிதாக ஒன்று லேத்தில் கடைந்து தருகிறேன், ஸ்பிரிங்குக்கு அளவு பார்த்துப் பொருத்தமானதைத் தேடலாம் என்றார். உதிரிப் பாகம் கிடைக்காது என்று விற்பவர் சொன்னது சரிதான். கிடைக்க வேண்டிய அவசியமில்லை, செய்துகொள்ளலாம்.

பழசு என்பதால் எனக்கு அதன்மேல் பக்தி ஒன்றும் இல்லை. 70 டாலர் நகலைவிட இது உயர்ந்தது என்று சொல்வதற்கு ஒரே காரணம், இதைத் திறக்க முடிகிறது. ரிவிட் அடித்த பழசு ஒன்று வந்திருந்தால் அதையும் திருப்பிக் கொடுத்திருப்பேன். விலையிலும் ஒரு நியாயம் இருக்கிறது, வேண்டாம் என்று தோன்றினால் இதை வாங்கிய விலைக்கே விற்கலாம், நகல் ஒருமுறை போல்ட் போட்டால் பாதி விலைகூடப் போகாது.

மார்ச் 24, ஞாயிறு

இழுபறியில் 290-க்கு முடிந்தது. வெண்கல உருண்டை தயார், ஸ்பிரிங் இன்னும் கிடைக்கவில்லை. அதுவரை கம்பெனி லிவர்தான் வண்டியில். உண்மையைச் சொன்னால், புஷ்ஷும் கப்ளரும் மாற்றிய பிறகு அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, ஹர்ஸ்ட்டைப் போட்டுவிட்டு சிங்க்ரோ முரண்டு பிடித்தால் இதையே திரும்ப மாட்டிவிடுவேன்.

இதற்கு நடுவில் லிவரின் தலைக் குமிழ் வேறு. என் பழைய வெள்ளைக் குமிழை ஹர்ஸ்ட் லிவரில் வைக்கலாம் என்று பார்த்தேன், மரை சேரவில்லை. என் 67 வண்டியின் குமிழ் மரை 7 மி.மீ., 68 முதல் 12 மி.மீ. ஹர்ஸ்ட்டில் இருப்பது இரண்டுமே இல்லை. பெரியவரிடம் ஒரு அடாப்டர் கேட்டிருக்கிறேன், அடுத்த வாரம் வா என்றிருக்கிறார்.