கூழ் ஆடை பிடிக்கமுன்

வன்னியில் சாப்பாட்டைப் படம் எடுப்பவருக்கு வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அதை அடக்குவதுதான் பாதி வேலை. ஏ9 வீதியோரக் கடைகளில் மத்தியானக் கறிகள் அடுப்பை விட்டு இறங்கப் பதினொன்றரையாகும். கடைக்காரர் "தம்பி, இப்ப எடுங்கோ" என்று கூப்பிடுவதும் அப்போதுதான். கிளிநொச்சி வட அகலக்கோடு 9 பாகைக்குச் சற்று மேலே இருப்பதால், சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் கோப்பையை வைத்தால் இறாலின் முதுகு வெளுத்துவிடும், வயிற்றுப்பக்கம் கரியாகிவிடும்.

நிழல் தேடித் தறப்பாளுக்குக் கீழே போனால் வேறு வில்லங்கம். நீலத் தறப்பாளால் வடிந்து வரும் வெளிச்சமும் நீலம்தான். சிவந்த மீன்குழம்பு சாம்பல் பூத்துப்போகும். பச்சை வலைக்குக் கீழே ஆட்டிறைச்சி பழுதானதுபோல் தெரியும். போனில் வைற் பலன்ஸை, அதாவது நிறச் சமநிலையைத் திருத்தினால் ஓரளவு சரிவரும், ஆனால் மேலே ரியூப் லைற்றும் எரிந்துகொண்டிருந்தால் ஒரு பக்கத்தைத் திருத்த மறுபக்கம் கெடும். ஆகவே முதலில் லைற்றை நிறுத்துங்கள். பிறகு கல்வீட்டு வாசலிலிருந்து இரண்டு, மூன்று அடி உள்ளே மேசையைப் போடுங்கள். வாசல் கோப்பைக்குப் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலோ இருக்கட்டும். வெயில் நேரே விழுந்தால் வெள்ளை வேட்டியை ஒற்றை மடிப்பாக வாசலில் கட்டலாம். நிழல் விழும் பக்கத்தில் ஒரு அடி தள்ளி வெள்ளை மட்டையோ றிஜிபோம் துண்டோ நிறுத்தினால் கரிய நிழல் இளகும்.

வறுத்த தூள் போட்ட கறி கபில நிறம். முன்னிருந்து வெளிச்சம் விழுந்தால் அது சேறாகத்தான் தெரியும். பின்னிருந்து விழுந்தால் எண்ணெயின் மினுக்கம் எழும்பும். போன் எதையும் நடுத்தர வெளிச்சத்துக்கே இழுக்கப் பார்க்கும் என்பதையும் கவனியுங்கள். படம் நிறைய அரிசிமாப் புட்டு என்றால் வெள்ளை மங்கிப்போகும், கறுத்தச் சட்டி என்றால் குழம்பு வெளிறிப்போகும். திரையில் உணவைத் தொட்டுவிட்டு, வெளிச்ச அளவைப் புட்டுக்கு +0.7 அளவில் கூட்டுங்கள், குழம்புக்கு 0.5 அளவில் குறையுங்கள். கோப்பைக்குக் கிட்டப் போய் எடுத்தால் முன்விளிம்பு வீங்கும். தள்ளி நின்று 2x சூம் வைத்து எடுப்பது நல்லது. சமையலறை எண்ணெய்ப்புகை லென்ஸில் படிந்திருக்கும், துடைக்காமல் தொடங்க வேண்டாம்.

எல்லாவற்றிலும் சிக்கலானது காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ். ஆற ஆற மா இறுகி மேலே ஆடை பிடிக்கும். பிடித்தபின் என்ன செய்தாலும் பசை வாளிதான். அதனால் வெறும் கோப்பையை வைத்தே கோணம், வெளிச்சம், குவியம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, கடைசியில் கூழை வாருங்கள். நண்டும் இறாலும் அடியில் தாழ்ந்துபோகும். கோப்பைக்குள் சின்னக் கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் நண்டுக்கால், இறால், இரண்டு பலாக்கொட்டை, பயற்றங்காய் என்று அடுக்கியபின் சுற்றிவரக் கூழை ஊற்றுங்கள். ஆடை தெரியத் தொடங்கினால் சுடுகூழ் ஒரு கரண்டி மேலே விட்டால் இன்னும் ஒன்றிரண்டு படத்துக்குத் தாங்கும். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் காட்டுவது அழகுதான், ஆனால் ஆழம் கூடியதால் உள்ளே இருப்பது தெரியாது. பிளாவைப் பக்கத்தில் வையுங்கள்.

ஒரு கோப்பைக்கு மூன்று இறால் போடும் கடைக்குப் பத்து இறாலை அடுக்கிப் படம் எடுத்துக் கொடுப்பது கெட்ட பழக்கம். சண்டை பிடிக்க வருகிறவர் கடைக்காரரிடம்தான் வருவார்.

எருமைத் தயிர்ச் சட்டியை மேலிருந்து எடுத்தால் வெறும் வெள்ளை வட்டம். ஒரு கரண்டி வெட்டி எடுத்து, வெட்டிய முகம் வாசலுக்குப் பக்கவாட்டில் வரத் திருப்பினால்தான் கட்டித்தன்மை தெரியும். வெட்டிய குழியில் சில நிமிடத்திலேயே தண்ணீர் ஊறும். பஞ்சால் ஒற்றி எடுங்கள். தேனைப் படம் எடுக்கும் கணத்தில் விடுங்கள், முந்தி விட்டால் அது குழிக்குள் ஓடித் தேங்கிவிடும். வாழையிலைச் சாப்பாட்டுக்கு மட்டும் நேர் மேலிருந்து எடுக்கும் கோணம் பொருந்தும். அப்பம் அடுக்கென்றால் தாழ்ந்து எடுங்கள்.

படத்தைக் கடைக்காரருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பும்போது டொக்கியுமென்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போய், பனர் அடிக்கும்போது இறாலின் மீசை கட்டங்கட்டமாக உடையும்.