பருவை எடு, மருவை விடு

போன மாசம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். அவருடைய ஆச்சி இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு மாலை போட்டு வைக்கப் படம் வேண்டும், பன்னிரண்டுக்குப் பதினெட்டு அளவில். "படம் ரெடியா இருக்கு அண்ணாச்சி. நீங்க பிரிண்ட் போட்டு ஃபிரேம் மட்டும் மாட்டிக் குடுத்தாப் போதும்" என்று சொல்லி வாட்ஸப்பில் அனுப்பினார்.

திறந்து பார்த்தால் பளிங்கு மாதிரி ஒரு கிழவி. கண்ணிமை ரோமத்தை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். சிரிப்பில் மேல்வரிசைப் பல் முழுசாகத் தெரிகிறது. ஏதோ ஒரு ஏஐ ஆப்பில் போட்டுத் தெளிவாக்கியிருக்கிறார். அசல் எங்கே என்று கேட்டேன். ஒரு காதுகுத்து வீட்டில் செல்போனில் எடுத்த குரூப் போட்டோவைக் காட்டினார். ஆச்சி கடைசி வரிசையில் நிற்கிறார். தலை மொத்தமும் என் சுண்டுவிரல் நகத்தளவுதான். ஆனால் அந்த நகத்தளவிலும் ஒன்று தப்பாமல் தெரிந்தது. இரண்டு பக்கமும் தோளைத் தொடுகிற மாதிரி தொங்கும் காது, அதில் மஞ்சளாக மங்கிய பாம்படம், அந்தக் காலத்துக் கனத்த தங்கக் காதணி. ஆப் கொடுத்த முகத்திலும் காது இருந்தது. பட்டணத்துப் பாட்டிக்கு இருப்பது போல அளவான காது, அதில் சின்னதாய் ஒரு கம்மல்.

"ஆச்சிக்குப் பல்லு இருந்துச்சா தம்பி?"

"கீழ ரெண்டு இருந்துச்சு."

அந்த ஆப்புக்குப் பாம்படம் தெரியாது. தெரியாத இடத்தில் தனக்குத் தெரிந்ததைப் போட்டு நிரப்பிவிட்டது. அதைக் குற்றம் சொல்லி என்ன? முப்பது வருஷமாக நானும் இல்லாததைப் போட்டு நிரப்பித்தான் சோறு தின்கிறேன்.

1993-ல் பத்தாம் வகுப்பில் கோட்டை விட்டுவிட்டு, கோவில்பட்டிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளியை வாத்தியார் என்றுதான் கூப்பிடுவோம். கேமராவைத் தொட விடுவதற்கு முன்னால் ஒன்றரை வருஷம் டச்சிங்கில், அதாவது நெகட்டிவ்வில் பென்சிலால் முகத்தைத் திருத்துகிற வேலையில், உட்கார வைத்தார். சாய்வான ஒரு மரப்பெட்டி, அதன் நடுவில் பால் கண்ணாடி, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று. ஜன்னல் வெளிச்சத்தை அது மேலே திருப்பி அனுப்பும். பால் கண்ணாடி மேல் நெகட்டிவ்வை வைத்து, பஞ்சில் மருந்தைத் தொட்டு லேசாகத் தடவ வேண்டும். தடவாவிட்டால் பென்சில் பிடிக்காது, வழுக்கும். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசி மாதிரி ஆக்குவதற்கே அரை மணி நேரம் போகும்.

நெகட்டிவ்வில் எல்லாமே தலைகீழ். முகத்தில் கறுப்பாக இருக்கிற புள்ளி அங்கே வெளிச்சப் பொட்டாக இருக்கும். அதைப் பென்சிலால் அடைத்துவிட்டால் பிரிண்டில் புள்ளி இருக்காது. கோடு இழுக்கக் கூடாது. கமா போடுகிற மாதிரி, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகச் சின்னச் சின்னதாகப் போட்டு வர வேண்டும். கொஞ்சம் கூடிப்போனால் பிரிண்டில் ஆளுக்குத் தேமல் வந்துவிடும். நான் தேமல் வரவைத்த மாப்பிள்ளைகள் பல பேர்.

வாத்தியார் சொல்லிக் கொடுத்த ஒரே சட்டம் இதுதான்: "பருவை எடு, மருவை விடு." பரு அடுத்த வாரம் தானே போய்விடும், நாம் அதைக் கொஞ்சம் முன்னாடியே அனுப்பி வைக்கிறோம். மருவும் மச்சமும் பள்ளிக்கூடச் சான்றிதழில் அங்க அடையாளம் என்று எழுதுகிற சங்கதி, கடைசி வரைக்கும் கூட வருவது. அதில் கை வைக்க நமக்கு உரிமை இல்லை. சரி, அம்மைத் தழும்பு? அது பருவா, மருவா? ஒரு நாள் கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம், "பாதி எடு" என்றார். ஆளும் அடையாளம் தெரியணும், ஆளுக்கும் மனசு நிறையணும். அந்தப் பாதியைப் பிடிப்பதுதான் வேலை. அதை யாரும் சொல்லித் தர முடியாது.

அவரிடம் நான் பார்த்து மலைத்தது வேறு ஒரு வேலை. அந்தக் காலத்தில் உயிரோடு இருக்கும்போது ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளாமல் போனவர்கள் நிறைய. இறந்த பிறகுதான் ஸ்டூடியோவுக்கு ஆள் அனுப்புவார்கள். நாற்காலியில் உட்கார வைத்து, தலை சாயாமல் பின்னால் துணி சுருட்டி வைத்து எடுப்போம். கண் மூடியிருக்கும். மூடிய கண்ணோடு படத்தைச் சுவரில் மாட்ட வீட்டுக்காரர்களுக்கு மனசு வராது. பிரிண்ட் போட்ட பிறகு வாத்தியார் நாலு முடி பிரஷ்ஷை நாக்கில் தொட்டுக் கூராக்கிக்கொண்டு, இமையின் மேலேயே கண்ணை வரைவார். வரைவதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு: "பிள்ளைகள்ல கண்ணு யாருக்கு அவரு ஜாடை?" மூத்தவனுக்கு என்றால் மூத்தவனைக் கூப்பிட்டு ஸ்டூலில் உட்கார வைத்து, அவன் கண்ணைப் பார்த்து அப்பாவுக்கு வரைவார்.

தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோக்களின் நெகட்டிவ்களையும் படங்களையும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடிச் சேர்த்து ஸ்கேன் செய்து வைத்திருக்கிறது. எங்கள் தொழிலையும் ஒரு பொருட்டாக மதித்தார்களே என்று எனக்குச் சந்தோஷம். வாத்தியார் திறந்த கண்களோ வீட்டுச் சுவர்களில்தான் இருக்கின்றன. பாதிக்கு மேல் கரையான் தின்றிருக்கும்.

அது பொய்யா? செத்தவர் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை, பொய்தான். ஆனால் அந்த வீட்டில் ஏமாந்தவர் ஒருவரும் இல்லை. படத்தின் முன்னால் நின்று கும்பிடுகிற அத்தனை பேருக்கும் அது வரைந்த கண் என்று தெரியும்.

2004-ல் சொந்தக் கடை போட்டபோது செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டரும் ஃபோட்டோஷாப் 7-ம் வந்தன. அதில் ஹீலிங் பிரஷ் என்று ஒன்று. தழும்பு மேல் வைத்து ஒரு அழுத்து, தோலே தோலை ஒட்டிக்கொள்ளும். அரை நாள் வேலை அஞ்சு நிமிஷமானது. கூடவே ஒரு வினையும் வந்தது. பென்சில் காலத்தில் ஒரு முகத்தை வெளுக்க வைப்பது பெரும்பாடு, அதனால் பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள். இப்போது ஒரு ஸ்லைடரைத் தள்ளினால் போதும் என்பது வாடிக்கையாளருக்கும் தெரிந்துபோனது. "நல்லா பளிச்சுன்னு ஏத்தி விடுங்க அண்ணாச்சி" என்று சொல்லாமல் ஒரு பெண் வீட்டாரும் கடைவாசலைத் தாண்டியதில்லை. நானும் ஏத்தி விட்டேன். நாலு வருஷம் ஏத்தி விட்டேன்.

ஒரு நாள் ஒரு பொண்ணு, டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டிருந்தவள், தனியாக வந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் காபித் தட்டோடு போன அவளிடமே "பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "எனக்கு என் கலர்லயே ஒண்ணு போட்டுக் குடுங்கண்ணே" என்றாள். இங்கே ஏமாந்தது அந்த மாப்பிள்ளை வீட்டார்தான், வியாபாரத்தில் அது சகஜம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கேட்டவர்கள் எழுந்து போய்விட்டார்கள், தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இவள்.

1994 ஜூனில் டைம் பத்திரிகை இதற்கு நேர்மாறாக ஒன்று செய்தது. கொலை வழக்கில் கைதான கறுப்பின அமெரிக்க விளையாட்டு வீரர் ஓ.ஜே. சிம்சனின் போலீஸ் போட்டோவை அட்டையில் போட்டபோது அவர் நிறத்தை இன்னும் கறுப்பாக்கினார்கள். அதே வாரம் நியூஸ்வீக் அதே படத்தை உள்ளபடி அட்டையில் போட்டது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கியபோது குட்டு வெளிப்பட்டது. நாங்கள் நல்லவளாகக் காட்ட வெளுப்போம், அவர்கள் கெட்டவனாகக் காட்டக் கறுப்பாக்கினார்கள். இரண்டுக்கும் உள்ளே ஓடுகிற கணக்கு ஒன்றுதான் என்று புரிய எனக்கு அந்தப் பொண்ணு வர வேண்டியிருந்தது. இப்போது லைட்டைச் சரியாக வைத்து எடுக்கிறேன், ஸ்லைடரைத் தள்ளுவதில்லை. அதனால் போன வாடிக்கையாளர்கள் உண்டு. எதிர்த்தாப்பில் இருக்கிற கடை எனக்குத் தெரியாதா என்ன.

பத்திரிகைப் படம் என்றால் எனக்கு இரண்டு பேச்சே இல்லை, தூசியைத் தவிர ஒன்றையும் எடுக்கக் கூடாது. அங்கே பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, படத்தை நம்பித்தான் பார்க்கிறான். 2006-ல் பெய்ரூட்டில் குண்டு விழுந்த படம் ஒன்றை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளியிட்டது. புகையைக் கூட்டிக் காட்ட அந்தப் புகைப்படக்காரர் குளோன் பண்ணியிருந்தார், அதாவது படத்தின் ஒரு துண்டையே நகலெடுத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்தார். அதற்கான ஸ்டாம்ப் டூலைப் பிடித்த எவனுக்கும் அது ஒரு பார்வையிலேயே தெரியும், ஒரே புகைக் குமிழி வரிசையாக அச்சடித்தது போல இருந்தது. அவருடைய 920 படங்களையும் ராய்ட்டர்ஸ் எடுத்துவிட்டது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தின்போது, பிரதமர் விமானத்திலிருந்து பார்வையிடுகிற படம் என்று மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகமே ஒன்று போட்டது. ஜன்னலுக்கு வெளியே மங்கலாகத் தெரிந்ததை எடுத்துவிட்டு வேறொரு தெளிவான படத்தை ஒட்டியிருந்தார்கள். அப்புறம் அதை நீக்கி வருத்தம் தெரிவித்தார்கள். தப்பு என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஒட்டு வேலை! என் கடைப் பையன் அதைவிட ஒழுங்காகச் செய்வான்.

ஆக, யார் ஏமாறுகிறார்கள் என்று பார்த்துவிட்டால் போதும், விடை கிடைத்துவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதில் ஓட்டை விழுந்தது 2011-ல்.

என் கடையிலேயே எடுத்த குடும்பப் படத்தோடு ஒருவர் வந்தார். அப்பா, அம்மா, இரண்டு பையன்கள், ஒரு மகள். மகள் தன் இஷ்டப்படி வேறு சாதியில் கல்யாணம் கட்டிக்கொண்டு போய்விட்டாள். "இதுல அவ மட்டும் வேண்டாம்" என்றார். மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. முந்நூறு ரூபாய் கேட்டேன், கொடுத்தார்.

பின்னால் ஸ்டூடியோத் திரைதான், அதை நிரப்புவது பெரிய விஷயமில்லை. கஷ்டம் கையில் இருந்தது. மகள் பின்னால் நின்று அம்மாவின் தோளில் கை வைத்திருந்தாள். அம்மா கட்டியிருந்தது கட்டம் போட்ட பட்டு. விரல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கட்டம் கட்டமாக ஒட்டி, கோட்டோடு கோடு சேர்த்து, மூன்று மணி நேரம் ஆனது. முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. யாரும் ஏமாறவில்லை. அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். என் கணக்குப்படி அது வாத்தியார் திறந்த கண்ணைப் போலத்தான். ஆனாலும் அன்று ராத்திரி வீட்டுக்காரியிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

2016-ல் ஸ்டீவ் மெக்கரி விவகாரம் வெடித்தபோது எனக்கு இது ஞாபகம் வந்தது. ஆப்கன் சிறுமியின் படத்தை எடுத்தவர், உலகமே கொண்டாடும் ஆள். இத்தாலியில் வைத்த கண்காட்சியில், கியூபாத் தெருப் படம் ஒன்றில் கம்பத்தின் ஒரு துண்டு நடந்து போகிற ஆளின் காலில் ஒட்டியிருந்ததை ஒருவர் கண்டுபிடித்தார். பிறகு ஆளாளுக்குத் தோண்ட ஆரம்பித்தார்கள். மழையில் பந்து விளையாடுகிற பையன்கள் படம் ஒன்றில், ஒரு பிரதியில் இருந்த பையன் இன்னொன்றில் இல்லை. தான் செய்தியாளன் இல்லை, படத்தால் கதை சொல்கிறவன் என்பது போல அவர் விளக்கம் சொன்னார். எல்லோரும் நேர்மையைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு அந்தப் பையன்தான் மனசில் நின்றான். அன்றைக்கு மழையில் நனைந்தானே.

மகளைப் படத்திலிருந்து எடுத்து ஆறு வருஷம் கழித்து அந்த அம்மா வந்தார்கள், பையில் ஃபிரேமோடு. பேத்தி பிறந்திருக்கிறாளாம். "பழையபடி ஆக்கித் தர முடியுமாய்யா?" என்றார்கள். முடியாது. 2013-ல் என் ஹார்ட் டிஸ்க் போனபோது அசலும் போய்விட்டது. தொண்ணூறுகளின் நெகட்டிவ் எல்லாம் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது, இது இல்லை. மகளின் இப்போதைய படத்தைக் கொண்டுவாருங்கள், சேர்த்து வைக்கிறேன் என்றேன். "அது அந்தக் கை இல்லையே" என்றார்கள். அப்புறம் ஃபிரேமைத் திருப்பி, தோளில் ஒரு இடத்தைக் காட்டினார்கள். கட்டத்தையெல்லாம் சரியாக ஒட்டியிருந்தேன். விரல் அழுத்தியதில் சேலையில் விழுந்திருந்த மடிப்பை மட்டும் எடுக்க மறந்திருக்கிறேன். ஆறு வருஷமாக அவர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அதன் பிறகு எந்த அசலையும் இரண்டு டிஸ்க்கில் வைக்கிறேன். படத்திலிருந்து ஆளை நீக்குகிற வேலையை ஒத்துக்கொள்வதில்லை.

ஆச்சி படத்துக்கு வருகிறேன். ஆப் கொடுத்ததை ஓரமாகப் போட்டுவிட்டு அந்த நகத்தளவு முகத்திலிருந்து ஆரம்பித்தேன். முகத்தை இழுத்துப்பிடித்து ஓரளவு கொண்டுவந்தாயிற்று, வாயைப் பொக்கையாகவே விட்டேன். பாம்படம்தான் வெறும் மஞ்சள் திட்டாக நின்றது. அசல் நகை இருக்கிறதா என்று கேட்டால், பேரன் காலேஜில் சேரும்போதே உருக்கியாச்சு என்றார்கள். எங்கள் தெருவில் இன்னும் பாம்படம் போட்டிருக்கிற ஒரு ஆச்சி உண்டு, தொண்ணூறை நெருங்குகிறவர். எதற்கு என்று சொல்லித்தான் கேட்டேன். "செத்தவளுக்கா? எடுத்துக்கோ ராசா" என்று திண்ணையில் வெயிலைப் பார்க்க உட்கார்ந்து, இரண்டு காதையும் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அந்தக் காதையும் நகையையும் இந்த முகத்தில் பொருத்தினேன். அடுத்தவர் காது, எனக்குத் தெரியும். எங்கிருந்து எடுத்தேன் என்று அவர்களிடமும் சொன்னேன். பிரிண்ட் போடுவதற்கு முன்னால் பார்த்துவிடுங்கள் என்று கூப்பிட்டேன். தம்பியோடு அவருடைய அம்மா, அதாவது ஆச்சியின் மகள், வந்தார். மானிட்டருக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு அண்ணாச்சி. எங்கம்மைக்கு இடது காது இன்னும் கொஞ்சம் தொங்கும்."

மவுஸைப் பிடித்து இழுத்தேன். "இவ்வளவா?"

"இன்னும்."

"இவ்வளவு?"

"இன்னும் ஒரு பொட்டு."