இறப்பர் அடைப்பானும் செய்மதியும்

எங்கள் கல்லூரி ஆய்வுகூடத்தில் வட்ட இயக்கத்துக்கான சாமான் முழுவதும் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் அடங்கிவிடும்: 20 கிராம் இறப்பர் அடைப்பான், ஒன்றரை மீற்றர் நைலோன் நூல், ஒரு சாண் கண்ணாடிக் குழாய், சில நிறைகள், ஒரு முதலைக் கவ்வி. நூலைக் குழாயினூடாகக் கோத்து, மேல் நுனியில் அடைப்பானையும் கீழ் நுனியில் 100 கிராமையும் கட்டித் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். குழாய் வாயிலிருந்து அடைப்பான் வரை நூல் 80 சென்ரிமீற்றர் என்றால், 20 சுற்றுக்கு 16 செக்கன் பிடிக்கும். கவ்வி குழாயின் அடிக்குச் சற்றுக் கீழே நூலில் நிற்கும். அது மேலே ஏறிக் குழாயில் முட்டினால் அந்த வாசிப்பைக் கழித்துவிட வேண்டியதுதான்.

நூல் கிடையாக நிற்கவில்லையே என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். இந்த நிறைகளோடு அது கிடையிலிருந்து பதினொன்றரைப் பாகை தாழ்ந்துதான் சுழலும். அதனால் பிழை வராது. நூலின் இழுவையின் கிடைக்கூறும் வட்டத்தின் ஆரையும் ஒரே விகிதத்தில் குறைவதால், வட்டத்தில் திருப்பும் விசையின் சூத்திரத்தில் ஆரைக்குப் பதிலாக நூலின் நீளத்தைப் போட்டு முழு இழுவையோடு சமன்படுத்தலாம். விடையைக் கெடுப்பது குழாய் வாயின் உராய்வு. பன்சன் சுடரில் வாட்டி வாயை மழுக்காத குழாய் நூலையும் அறுத்துவிடும்.

இங்கே இழுவையைத் தீர்மானிப்பது தொங்கும் நிறை. ஆரையைக் கூட்டினாலும் அது மாறாது, எனவே கதி கூடும். புவியீர்ப்போ தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவது. ஆகவே செய்மதி உயர உயரக் கதி குறையும். 400 கிலோமீற்றர் உயரத்தில் செக்கனுக்கு 7.67 கிலோமீற்றர், ஒரு சுற்றுக்கு 92 நிமிடத்துக்குச் சற்றுக் கூட. 2019இல் இலங்கையின் சிறு செய்மதி ராவணா-1 விடப்பட்டது ஏறக்குறைய இந்த உயரத்தில்தான். அங்கே ஈர்ப்பே இல்லை என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு கணக்கு: நிலத்தில் உள்ளதில் நூற்றுக்கு 88 பங்கு அங்கேயும் இருக்கிறது.

பரீட்சைக்கு வட்டம் போதும். ஆனாலும் எங்கள் மாஸ்டர் நீள்வளையத்தைத் தொடாமல் விடமாட்டார். கெட்டிக்காரர் சறுக்குகிற இடமும் அதுதான். புவிக்கு மிகக் கிட்டிய அண்மைப்புள்ளி 250 கிலோமீற்றர் உயரத்திலும் மிகத் தூரமான சேய்மைப்புள்ளி 35,786 கிலோமீற்றர் உயரத்திலும் உள்ள ஒழுக்கை, அதாவது சுற்றுப்பாதையை, எடுப்போம். புவிமையத்திலிருந்து அளந்தால் 6,628, 42,164 கிலோமீற்றர். சக்தியும் கோண உந்தமும் மாறாதவை என்று வைத்துத் தீர்த்தால் அண்மையில் கதி செக்கனுக்கு 10.2 கிலோமீற்றர், சேய்மையில் 1.6. ஈர்ப்பு விசையோ 40 மடங்கு வித்தியாசப்படும்.

இனி, அண்மைப்புள்ளியில் கதியின் வர்க்கத்தை 6,628ஆல் பிரித்தால் வட்டத்துக்குத் தேவையான ஆர்முடுகல், செக்கனின் வர்க்கத்துக்கு மீற்றரில், 15.7 என்று வரும். ஈர்ப்பு தருவது 9.07 மட்டுமே. வட்டத்தில் திருப்ப அது போதாது. அதனால் செய்மதி வெளியே விலகுகிறது. சேய்மையில் வட்டத்துக்குத் தேவை 0.061, கிடைப்பது 0.224, உள்ளே விழுகிறது. சூத்திரத்தில் போட வேண்டியது புவிமையத் தூரத்தை அல்ல, அந்த இடத்தில் பாதையின் வளைவாரையை, அதாவது அங்கே பாதையின் வளைவோடு ஒட்டிப் பொருந்தும் வட்டத்தின் ஆரையை. இரண்டு நுனியிலும் அது 11,455 கிலோமீற்றர். போட்டுப் பாருங்கள், 9.07உம் 0.224உம் அச்சொட்டாக வரும்.

வட்டத்தில் விசை எப்போதும் பாதைக்குச் செங்குத்து; வேலை ஏதும் செய்யாது. நீள்வளையத்தில் அந்த இரு நுனிகளில் மட்டும்தான் அப்படி. ஏறும்போது விசையின் ஒரு கூறு பின்னுக்கு இழுக்கும், இறங்கும்போது முன்னுக்கு. எஞ்சினை ஒரு நுனியில் இயக்கினால் உயர்வது எதிர் நுனி. சேய்மைப்புள்ளியில் 1.47 கூட்டினால் கதி 3.07 ஆகி, ஒழுக்கு வட்டமாகிவிடும். இனி ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம், புவி தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் நேரம்.

காற்றுத் தடை செய்கிற வேலை இன்னும் விசித்திரம். தாழ்ந்த வட்ட ஒழுக்கில் செய்மதி 400இலிருந்து 300 கிலோமீற்றருக்கு இறங்கினால் கதி 7.67இலிருந்து 7.73 ஆகக் கூடும். இழந்த அழுத்த சக்தியில் பாதி வெப்பமாகப் போக, மற்றப் பாதி இயக்க சக்தியாகிறது. நீள்வளையத்தில் உராய்வு அண்மைப்புள்ளியில்தான் கடுமை என்பதால் முதலில் தாழ்வது சேய்மைப்புள்ளி.

புவிநிலைச் செய்மதிகள் அந்த 35,786 கிலோமீற்றர் உயரத்தில் புவியோடு சேர்ந்து சுற்றுவதால் மத்தியகோட்டுக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பவை. கிழக்கு நெடுங்கோடு 83 பாகையில் உள்ள இந்தியத் தொடர்பாடல் செய்மதி ஜிசாட்-30ஐ யாழ்ப்பாணத்திலிருந்து பிடிக்க, தெற்கிலிருந்து 17 பாகை கிழக்கே திரும்பி, தொடுவானிலிருந்து 78 பாகை அண்ணாந்து பார்க்க வேண்டும். ரொறன்ரோவில் இந்த வகைச் செய்மதி எதுவும் 40 பாகைக்கு மேலே ஏறாது, லண்டனில் 31. அங்கெல்லாம் டிஷ் பூட்டுமுன் தெற்குப் பக்கத்து வீட்டு மரத்தின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.