வைக்கோல் ‘ஹே’ ஆகாது: ஊரை ஆங்கிலத்தில் சொல்லப் பழகும் நாட்குறிப்பு

ஜனவரி 5

முதல் சொல்லிலேயே பலருக்குத் தடுக்குகிறது. ‘ரூரல்’ பெயர்ச்சொல் இல்லை, அடைமொழி. ‘ஐ லிவ் இன் ரூரல்’ என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் நிற்கும். ‘ரூரல் ஏரியா’ என்றோ ‘இன் தி கன்ட்ரிஸைட்’ என்றோ முடிக்க வேண்டும். ‘கன்ட்ரிஸைட்’டுக்குப் பன்மை கிடையாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நகராட்சி, பேரூராட்சி போன்றவை நீங்கலாக, ஓர் ஊர் நகரமாகக் கருதப்பட மூன்று நிபந்தனைகள்: குறைந்தது 5,000 பேர், ஆண் முதன்மைத் தொழிலாளரில் 75 சதவீதமாவது விவசாயம் அல்லாத வேலை, சதுர கிலோமீட்டருக்கு 400 பேர். இதில் தேறாதது ‘ரூரல்’. ஆகவே அது அலுவலகச் சொல், கணக்குச் சொல். ஊரின் வாசனையைச் சொல்ல ‘கன்ட்ரிஸைட்’தான் வேண்டும்.

‘நேட்டிவ் பிளேஸ்’ இந்தியாவுக்குள் எல்லோருக்கும் புரியும். வெளிநாட்டாரிடம் ‘ஐ கம் ஃப்ரம் எ வில்லேஜ் நியர் மதுராந்தகம்’ என்பது போதும். நம் ‘இன்டீரியர் வில்லேஜ்’ அவர்களுக்கு ‘ரிமோட் வில்லேஜ்’. பெரிய ஊரை ஒட்டிப் பத்திருபது வீடுகளோடு இருக்கும் குக்கிராமம் ‘ஹாம்லெட்’.

ஜனவரி 6

இன்று முழுக்க ஏரி. இதில் நேரம் செலவழித்தால் தகும்.

ஏரிக்கு அரசு ஆவணங்களில் ‘டேங்க்’. தெற்காசியாவுக்கு வெளியே அதே சொல்லைக் கேட்பவர் மாடித் தண்ணீர்த் தொட்டியைத்தான் நினைப்பார். ‘லேக்’ என்றால் இயற்கையாக அமைந்தது என்று எண்ணிவிடுவார். கரை போட்டு மழைநீரைத் தேக்கிய உழைப்பு அதில் மறைந்துபோகிறது. முதல் முறை ‘இரிகேஷன் டேங்க்’ என்று சொல்லி, ‘எ ஷாலோ மேன்-மேட் லேக்’ என்று ஒரு விளக்கம் சேர்த்துவிட்டால், பிறகு தயங்காமல் ‘டேங்க்’ என்றே எழுதலாம்.

உறுப்புகள்: கரை ‘பண்ட்’. மதகு, தெற்கே மடை, ‘ஸ்லூஸ்’. நிரம்பிய தண்ணீர் வழிந்து போகும் கலங்கல், தெற்கே மறுகால், ‘வியர்’. எழுத்தைப் பார்த்து ‘வெய்ர்’ என்று சொல்லிவிடக் கூடாது. வரத்து வாய்க்கால் ‘ஃபீடர் சேனல்’. வாய்க்காலையெல்லாம் ‘கனால்’ ஆக்க வேண்டாம், அது பெரிய கால்வாய். வயலுக்குப் போவது ‘சேனல்’ மட்டுமே. ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பான ஆயக்கட்டு நம் பொறியாளர்களின் ஆங்கிலத்திலும் ‘ஆயகட்’தான், வெளியே ‘கமாண்ட் ஏரியா’.

வரப்புக்கும் ‘பண்ட்’ என்றே எழுதுவதால் படிப்பவருக்கு ஏரிக்கரையும் வரப்பும் ஒன்றாகிவிடும். ‘டேங்க் பண்ட்’, ‘ஃபீல்ட் பண்ட்’ என்று பிரித்து எழுதுங்கள்.

அணைக்கட்டு என்ற நம் சொல் ‘ஆனிகட்’ ஆகி ஆங்கில அகராதியில் ஏறியிருக்கிறது. கல்லணை ‘கிராண்ட் ஆனிகட்’. இந்தச் சொல்லைக் கூச்சமில்லாமல் பயன்படுத்தலாம்.

ஜனவரி 8

நஞ்சைக்கு வருவாய்த்துறை ஆங்கிலம் ‘வெட் லேண்ட்’. பொது ஆங்கிலத்தில் ‘வெட்லேண்ட்’ சதுப்புநிலம். 1971 ராம்சார் உடன்படிக்கை காக்கச் சொல்வது அதைத்தான். பள்ளிக்கரணை அப்படிப்பட்டது. ‘மை ஃபாதர் ஓன்ஸ் டூ ஏக்கர்ஸ் ஆஃப் வெட்லேண்ட்’ என்றால் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு சதுப்பு இருக்கிறது என்று பொருள்படும். ‘இரிகேட்டட் லேண்ட்’ என்பதே சரி. மழையை நம்பிய புஞ்சை ‘ரெயின்ஃபெட் லேண்ட்’.

சென்ட் கணக்கு வெளியூரில் செல்லாது. 100 சென்ட் ஓர் ஏக்கர், ஏறக்குறைய 2.47 ஏக்கர் ஒரு ஹெக்டேர். 50 சென்ட்டை ‘ஹாஃப் அன் ஏக்கர்’ என்று சொல்லிவிடலாம்.

ஜனவரி 9

ஊரெல்லாம் அறுவடை. களத்தில் ஒரு பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு படித்தால் சொற்கள் ஒட்டிக்கொள்ளும்.

தாளோடு கதிர் கையில் இருக்கிறது. கதிர் ‘இயர்’. நெல் ‘பேடி’, உமி ‘ஹஸ்க்’, தவிடு ‘பிரான்’, பதர் ‘சாஃப்’. நமக்கு நெல், அரிசி, சோறு என்று மூன்று. ஆங்கிலத்தில் மூன்றையும் ‘ரைஸ்’ என்றே சொல்லிவிடுவார்கள். அதனால் ‘ரைஸ் இஸ் டிரையிங் ஆன் தி ரோடு’ என்பதில் எதைக் காயவைக்கிறார்கள் என்று தெரியாது. ‘பேடி’ என்றால் சந்தேகமில்லை.

நெல் உதிர்ந்தபின் கையில் மிஞ்சும் தாள் காய்ந்தால் வைக்கோல். அது ‘ஸ்ட்ரா’. ‘ஹே’ வேறு: தீவனத்துக்கென்றே பச்சையாக அறுத்து உலர்த்திய புல். ஆகவே வைக்கோல் போரை ‘ஹேஸ்டாக்’ என்று எழுதாதீர்கள், ‘ஸ்ட்ரா ஸ்டாக்’. வயலில் நிற்கும் அடித்தாள் ‘ஸ்டபிள்’.

வினைச்சொற்களில்தான் பெரும்பாலோர் ஏழை. எல்லாவற்றுக்கும் ‘கல்டிவேட்’. வேலை நடக்கும் வரிசையிலேயே மனதில் வையுங்கள்: உழ ‘பிளௌ’, விதைக்க ‘ஸோ’, நாற்று நட ‘டிரான்ஸ்பிளான்ட்’, களையெடுக்க ‘வீட்’, அறுக்க ‘ஹார்வெஸ்ட்’, கதிரடிக்க ‘த்ரெஷ்’, தூற்ற ‘வின்னோ’. விதைப்பதை ‘ஸௌ’ என்று உச்சரித்தால் பெண் பன்றி. இரண்டுக்கும் எழுத்து ஒன்றுதான்.

ஜனவரி 11

‘கேட்டில்’ எப்போதும் பன்மை: ‘தி கேட்டில் ஆர் கிரேஸிங்’. ஒரு மாட்டை ‘எ கேட்டில்’ என்று சொல்ல முடியாது. மாட்டு மந்தை ‘ஹெர்ட்’, செம்மறி மந்தை ‘ஃப்ளாக்’. கன்று ‘காஃப்’, ‘எல்’ ஒலிக்காது. ஆட்டுக்குட்டியில் நாம் பார்க்காத பிரிவு ஒன்று உண்டு: செம்மறிக் குட்டி ‘லாம்’, வெள்ளாட்டுக் குட்டி ‘கிட்’.

மேய்ச்சல் நிலத்துக்குப் பாடநூல் பழக்கத்தில் ‘மெடோ’ வந்து விழுகிறது. அது இங்கிலாந்தின் புல்வெளி, ‘ஹே’ அறுக்கும் இடம். கருவேலமும் ஆவாரையும் நிற்கும் நம் தரிசுக்கு ‘ஸ்க்ரப்’. தென்னந்தோப்பு ‘குரோவ்’, மாந்தோப்பு ‘ஆர்ச்சர்ட்’. தோப்பு என்ற சொல்லே ‘டோப்’ என்று ஆங்கிலேயர் காலத்து எழுத்தில் புழங்கியது. 1886-இல் வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அதற்கு இடம் உண்டு.

ஜனவரி 13

கூரை வீடு ‘தாட்ச்ட் ஹவுஸ்’, ஓட்டு வீடு ‘டைல்ட் ஹவுஸ்’. மண்சாலை ‘டர்ட் ரோடு’. ‘மெட்டல்ட் ரோடு’ என்பதில் உலோகம் இல்லை, உடைத்த ஜல்லி. திண்ணைக்கு ஈடான சொல் கிடையாது. சொல்லை அப்படியே வைத்து, ‘எ ரெய்ஸ்ட் லெட்ஜ் பை தி ஃப்ரன்ட் டோர்’ என்று ஒருமுறை சொன்னால் போதும்.

முன்னிடைச்சொற்கள்: ‘இன் தி ஃபீல்ட்’, ஆனால் ‘ஆன் தி ஃபார்ம்’. ஊர்க்கோடியில் ‘ஆன் தி அவுட்ஸ்கர்ட்ஸ்’. மலையடிவாரம் ‘அட் தி ஃபுட் ஆஃப் தி ஹில்’.

ஜனவரி 15

பொங்கல். சேர்த்த சொற்களைப் பேச்சாக்கும் நாள். ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில், பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் யோசிக்க 1 நிமிடம், பேச 1 முதல் 2 நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் வாக்கியம் எழுதாதீர்கள், எழுதினால் மூன்றாவது வரியில் நேரம் தீரும். தொலைவிலிருந்து வீட்டுவாசல் வரை ஐந்து சொற்களைக் குறியுங்கள்: ஹில், பண்ட், ஸ்லூஸ், பேடி, தாட்ச்.

‘மை வில்லேஜ் இஸ் சரவுண்டட் பை கிரீனரி’ என்று தொடங்குவதை இன்றோடு விடலாம். எந்த ஊருக்கும் பொருந்துவது எந்த ஊரையும் காட்டாது. ‘எ லாங் டேங்க் பண்ட், லைன்ட் வித் பால்மைரா ட்ரீஸ், ரன்ஸ் அலாங் தி வெஸ்டர்ன் ஸைட்’ என்றால் பனைமரங்களும் கரையும் கண்முன் வந்துவிடும்.

இதே ஊரைச் சித்திரையிலும் ஒருமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். பசுமைச் செழிப்பைச் சொல்லும் ‘லஷ்’ அப்போது பொய். வெடித்த ஏரிப் படுகை ‘கிராக்ட் டேங்க் பெட்’, வண்டல் ‘ஸில்ட்’, தூர்வார ‘டீஸில்ட்’.